விழுகின்ற விசையும் விழாத விசையும்

வலியசாலையில் நாம் குடியிருக்கும் தெரு மிகக் குறுகியது. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவின் இரைச்சலைக் கடந்து காந்தளூர் மகாதேவர் கோயிலை நெருங்கினால், இரு சிறகிலும் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதைக் காணலாம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே சுவர் ஒன்றே. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று வீடு பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். மேலே ஓடு, ஓட்டுக்குக் கீழே மரச் சட்டங்களும் பலகை மச்சும். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இத்தெருவில், ஒரு வீட்டு அடுக்களையில் தாளிதம் கருகினால் மூன்றாம் வீட்டில் இருமுவார்கள். மின்கம்பி கருகினால் என்னவாகும் என்று, 2024ஆம் ஆண்டு ஆனி மாதம் வரையில் நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை.

நாம் மின்பொறி கற்றவர்கள் அல்லோம். கலைத்துறையில் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துக்கொண்டே நாற்பது வயதைக் கடந்தவர்கள். ஆயினும், வெளிமாநிலங்களில் வாடகை வீடுகளில் வாழும் தமிழ் நேயர்களுக்கும், ஊரில் முதிய பெற்றோரைத் தனியே விட்டுவிட்டுத் தொலைவில் இருக்கும் நேயர்களுக்கும், நம் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் நடந்தவை பயன்படக்கூடும் என்று கருதியே இதனைச் சொல்லத் துணிந்தோம்.

அந்த ஆனி மாதத்தில் பெரும்பாலான நாள்களில் காலை ஏழு மணிக்குமேல் நம் அடுக்களை இருண்டது. ரேழிச் சுவரில் பொருத்திய மின்பெட்டியில் வரிசையாக நிற்கும் விசைகளில் மூன்றாவது மட்டும் கீழே விழுந்து கிடக்கும். அதனை மேலே தூக்கிவிட்டால் விளக்கு எரியும். இருபது நிமிடத்தில் மறுபடியும் விழும். இதனையே எம்.சி.பி. என்று இன்று சிறுவர்களும் சொல்கிறார்கள். அகராதிகளில் இதற்குச் சுற்று முறிப்பான் என்று பெயர். மலையாளத்தில் முறி என்றால் அறை. அடுக்களை முறிப்பான் கெட்டுவிட்டது என்று நாம் ஒரு மின்பணியாளரிடம் தொலைபேசியில் சொல்லப்போக, அடுக்களையை இடித்துக் கட்டப்போகிறோம் என்று எண்ணி அவர் கொத்தனாரைப் பார்க்கச் சொன்னார். அது முதல் நாமும் எம்.சி.பி. என்றே சொல்லி வருகிறோம்.

வெட்டுவது, அறுப்பது பற்றிய சொற்கள் இந்தப் பகுதியில் தொல்லை கொடுப்பது புதிதன்று. சோழர் மெய்க்கீர்த்திகளில் வரும் காந்தளூர்ச் சாலை இந்த இடமே என்று கருதுவோர் உளர். விழிஞத்தின் பக்கம் காட்டுவோரும் உளர். அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் 'கலமறுத்தல்' என்பது மரக்கலத்தை அழித்ததா, உண்கலத்தைப் பற்றிய ஏற்பாடா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். எதை அறுத்தது, எதற்காக அறுத்தது என்ற இரு கேள்விகளே நம் ரேழியிலும் எழுந்தன.

அடுத்த வீட்டு மாமா ஓய்வுபெற்றவர். எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பவர். "பதினாறைக் கழட்டிட்டு முப்பத்திரண்டு போடச் சொல்லுங்கோ. அப்புறம் அது விழவே விழாது" என்றார். முதலில் வந்த மின்பணியாளரும் அதையே சொன்னார். பதினாறு என்பது அந்த எம்.சி.பி. தாங்கும் 16 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. அவர் பையிலேயே இருந்தது. விலையும் பெரிதன்று. காலைச் சிற்றுண்டி தடைப்பட்டு அலுத்திருந்த நாம் ஏறத்தாழ இசைந்தே விட்டோம். இசையாமற்போனதற்கு நம் அறிவு காரணமன்று. அன்று அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

மாமா சொன்னது பழைய பழக்கத்தின் புதிய வடிவம் என்பது பின்னர்தான் விளங்கிற்று. திருவனந்தபுரம் நகருக்கு மின்சாரம் வந்தது 1929ஆம் ஆண்டில். எரிபொருளால் இயங்கிய ஒரு சிறு நிலையத்திலிருந்து அது வந்தது. சாலைக் கடைத்தெருவுக்கு அருகே செல்லும் பவர் ஹவுஸ் சாலை இன்றும் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1940இல் பள்ளிவாசலில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அக்காலத்து வீடுகளில் காவலாக இருந்தது பீங்கானால் ஆன ஃபியூஸ் கட்டை. அதற்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அளவுக்கு மீறி மின்னோட்டம் சென்றால் அக்கம்பி உருகி அறுந்து, வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பியைக் காப்பாற்றும். அடிக்கடி உருகுகிறதே என்று எரிச்சலுற்ற குடும்பத் தலைவர்கள் ஓர் இழைக்குப் பதிலாக இரண்டு இழை, மூன்று இழை என்று முறுக்கிக் கட்டினார்கள். அறுந்து காக்க வேண்டியதை அறாதபடி செய்துவிட்டு நிம்மதியாக உறங்கினார்கள். 1924இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் ஹூகோ ஸ்டோட்ஸ் என்பவரின் நிறுவனம், ஃபியூஸ் இருந்த இடத்தில் பொருத்தக்கூடிய, மீண்டும் தூக்கிவிடத்தக்க சிறு முறிப்பானுக்கு உரிமை பெற்றது. கம்பி கட்டும் வேலை ஒழிந்தது. இரண்டு இழை போடும் மனம் ஒழியவில்லை. அதுதான் இப்போது முப்பத்திரண்டு என்று பேசுகிறது.

எம்.சி.பி. காப்பது நம் கெய்சரையோ மிக்சியையோ அன்று. சுவருக்குள் ஓடும் கம்பியை. ஆகவே அதன் அளவைக் கம்பியின் பருமனே தீர்மானிக்க வேண்டும். வீட்டில் எத்தனை பொருள்கள் வாங்கிச் சேர்த்திருக்கிறோம் என்பது அதனைத் தீர்மானிக்கலாகாது. நம் அடுக்களைக்குச் செல்வது 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி. குழாய்க்குள் செல்லும்போது ஏறத்தாழ இருபது ஆம்பியரைச் சுமக்க வல்லது. சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடும், குறையும். எம்.சி.பி.க்கு விதித்துள்ள தரத்தின்படி, அதன் அளவைப்போல் 1.45 மடங்கு மின்னோட்டம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அது விழுந்தாக வேண்டும். 32 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அந்தக் கணக்கு 46 ஆம்பியர். இருபதைச் சுமக்கும் கம்பியில் நாற்பத்தாறு ஓடினாலும் காவலன் ஒரு மணி நேரம் வரை பொறுத்திருக்கலாம். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கு. இத்தனையும் பலகை மச்சுக்குக் கீழே நிகழும். அந்த மச்சின் அடுத்த முனை மாமாவின் வீட்டில் இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நண்பர் ஒருவர் வேறொரு மின்பணியாளரை அனுப்பிவைத்தார். கேரள மாநில மின் உரிம வாரியத்தின் வயர்மேன் அனுமதிச்சீட்டுப் பெற்றவர், நடுத்தர வயதினர், குறைவாகப் பேசுபவர். பெட்டியைத் திறப்பதற்கு முன்பு திண்ணையில் அமர்ந்து அவர் கேட்டவை சிலவே. பெட்டியில் விழுவது எந்த விசை? தூக்கிய உடனே விழுகிறதா, சிறிது நேரம் நின்று விழுகிறதா? அந்நேரத்தில் எவையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன? நோயாளியின் நாடியைப் பிடிப்பதற்கு முன்பு நல்ல வைத்தியர் கேட்கும் கேள்விகள் போன்றிருந்தன.

இக்கேள்விகளின் பொருள் இது. எம்.சி.பி.க்குள் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று, வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. மின்னோட்டம் சற்றே மிகுந்தால் அது மெல்லச் சூடேறி, வளைந்து, விசையைத் தட்டிவிடும். இதற்குச் சில நிமிடங்களோ அதற்கு மேலோ ஆகும். மற்றொன்று ஒரு மின்காந்தச் சுருள். இரு கம்பிகள் நேரே தொட்டுக்கொண்டு மின்னோட்டம் பன்மடங்கு பாயும்போது அது கண்ணிமைப்பதற்குள் இழுத்து அறுத்துவிடும். வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் பி, சி என்னும் இரு வகைகளில், பி வகை தன் அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கிலும், சி வகை ஐந்து முதல் பத்து மடங்கிலும் இவ்வாறு உடனே அறுக்கும். ஆகவே தூக்கிய உடனே விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்டைத் தேட வேண்டும். நின்று விழுந்தால் மிகைச் சுமையையோ வெப்பத்தையோ தேட வேண்டும். நம்முடையது நின்று விழும் வகை.

அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். கெய்சர் 2,000 வாட். 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 வாட், 7.8 ஆம்பியர். மாவரைக்கும் கிரைண்டருக்கு ஏறத்தாழ ஓர் ஆம்பியர். கூட்டினால் பதினேழரை. பதினாறைத் தாண்டிவிட்டது, இதுதான் காரணம் என்று நாம் முந்திக்கொண்டு சொன்னோம். அவர் தலையசைத்தார். தன் அளவைப்போல் 1.13 மடங்கு வரையில், அதாவது 18 ஆம்பியர் வரையில், ஒரு மணி நேரத்துக்கு எம்.சி.பி. விழக்கூடாது என்பது தரவிதி. சலவைப் பெட்டியும் சேர்ந்து ஓடும் நாளில் விழுந்தால் நியாயம். அது ஓடாத நாளிலும் இருபது நிமிடத்தில் விழுகிறது என்றால் வேறொன்று இருக்கிறது என்றார். கணக்கு ஒத்துவரும் இடத்தில் நாம் நிறுத்திவிடுகிறோம். ஒத்துவராத இடத்திலிருந்து அவர் தொடங்கினார்.

பெட்டியைத் திறக்கும் முன் அவர் செய்தவற்றை நேயர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். முதன்மை விசையை அணைத்தார். உடனே, வீட்டில் இன்வெர்ட்டர் உண்டா என்று கேட்டு, அதனையும் அணைக்கச் செய்தார். முதன்மை விசையை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பெட்டிக்குள் கைவைக்கும்போது, இன்வெர்ட்டரின் பேட்டரியிலிருந்து கம்பிகளுக்கு 230 வோல்ட் வந்துகொண்டிருக்கலாம் என்பதை நாம் அறிந்தே இருக்கவில்லை. மேலும், முதன்மை விசை அணைந்திருந்தாலும், மீட்டரிலிருந்து அதற்கு வந்து சேரும் கம்பியில் மின்சாரம் எப்போதும் உண்டு. பிறகு சோதனைக் கருவியை மின்சாரம் உள்ளதென்று உறுதியான ஓரிடத்தில் வைத்து, கருவி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். கெட்டுப்போன டெஸ்டர் எல்லாக் கம்பியையும் உயிரற்றது என்றே சொல்லும் அன்றோ?

மூடியை அகற்றியதும் மூன்றாவது எம்.சி.பி.யின் அடிப்பகுதி மட்டும் தேநீர்க் கறைபோல் பழுப்பேறியிருந்தது தெரிந்தது. அங்கே வந்து சேரும் கம்பியின் மேலுறை விறைத்து வெடித்திருந்தது. திருப்புளியை வைத்ததும் திருகு ஒரு சுற்றுக்கு மேல் எளிதாகத் திரும்பிற்று. குற்றவாளி அகப்பட்டது. திருகு தளர்ந்தால் கம்பியும் கவ்வியும் அரைகுறையாகத் தொடும். அந்த இடத்தில் தடை மிகுந்து வெப்பம் பிறக்கும். அவ்வெப்பம் உள்ளே ஏறி இரு உலோகத் தகட்டை வளைக்கும். மின்னோட்டம் மிகையாகாமலே, மிகையாகிவிட்டதென்று தகடு ஏமாந்துபோகும். எம்.சி.பி.யின் அளவுகளை வகுத்திருப்பதும் 30 பாகை செல்சியஸ் சூழலை வைத்தே. அடைத்த பெட்டிக்குள் வெப்பம் கூடக்கூட அது சற்று முன்னதாகவே விழும். முப்பத்திரண்டு ஆம்பியர் போட்டிருந்தால் விழுவது நின்றிருக்கும். தளர்ந்த இடத்தில் கனல்வது நின்றிருக்காது.

எம்.சி.பி.யே கெட்டிருக்கிறதா என்பதை அவர் பிரித்தறிந்த முறையும் எளியது. முதலில் அந்தக் கிளையில் உள்ள எல்லாப் பொருள்களின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கச் சொன்னார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்றோம். சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே வெட்டும். நியூட்ரல் கம்பி பொருளோடு தொடர்ந்தே இருக்கும் என்றார். பிடுங்கிய பின்பும் விழுந்தால் குற்றம் கம்பியிலோ எம்.சி.பி.யிலோ இருக்க வேண்டும். விழாவிட்டால் ஒவ்வொரு பொருளாகச் செருகிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுகொள்ளலாம். இவ்வளவு வரையில் எந்த வீட்டாரும் தாமே செய்யலாம். அதற்கு மேற்பட்டது பணியாளரின் வேலை. அவர் எம்.சி.பி.யிலிருந்து வெளியே செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டு, சுமை ஏதுமின்றி விசையைத் தூக்கினார். இருமுறை நின்றது, மூன்றாம் முறை பிடிக்காமல் தொளதொளத்து விழுந்தது. நெடுநாள் வெப்பத்தில் வெந்ததால் உள்ளிருக்கும் கொக்கியும் தளர்ந்துவிட்டது. பழுப்பேறிய உடல், விசையில் பிடிப்பின்மை, காதை வைத்தால் கேட்கும் ரீங்காரம், கருகிய வாசனை, விசை மேலே நின்றும் வெளியே மின்சாரம் வராமை, இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அந்த எம்.சி.பி.யை மாற்றிவிட வேண்டும். பிரித்துப் பழுது பார்க்கும் பொருளன்று அது.

கிளைக் கம்பிகளின் காப்பு நிலையை மெகர் என்னும் கருவியால், பொருள்களையெல்லாம் விலக்கி வைத்து, 500 வோல்ட்டில் சோதித்தார். ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நம் வீட்டுக் கம்பி நன்றாகவே தேறியது. பிறகு கடைக்குப் போனோம். எம்.சி.பி. இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கலாகாத பொருள். முத்திரைக்கு அருகே உள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், அது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். பழையதன் முகத்தில் சி16 என்று எழுதியிருந்தது; அதன் கீழே ஒரு கட்டத்துக்குள் 10000 என்ற எண். முதலது வகையும் அளவும். இரண்டாவது, சிதறாமல் அது அறுக்க வல்ல பெரு மின்னோட்டம், ஆம்பியரில். புதியதும் இவற்றோடு ஒத்திருக்க வேண்டும். கடைக்காரர் 6000 உள்ளது மலிவு என்றார். நம் பணியாளர் பதில் சொல்லாமல் அதனைத் திருப்பி வைத்தார்.

பொருத்தியது கால் மணி நேர வேலை. கருகிய கம்பியை நல்ல செம்பு பளபளக்கும் இடம் வரையில் வெட்டினார். உறை கவ்விக்குள் மாட்டிக்கொள்ளாமலும், செம்பு வெளியே துருத்தாமலும் செருகித் திருகை இறுக்கினார். கம்பியை இழுத்துப் பார்த்து மறுபடியும் இறுக்கினார். மற்ற திருகுகளையும் விட்டுவைக்கவில்லை, இரண்டு தளர்ந்திருந்தன. யாரோ பல்லாண்டுகளுக்கு முன் அடுக்களைக் கிளையிலேயே கெய்சரையும் ஒட்டுப்போட்டிருந்ததைப் பிரித்து, அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யுமாகத் தனிக் கிளை அமைத்தார். வீட்டுக்காரரிடம் அந்தச் செலவைப் பெறுவதற்கு நமக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அது வேறு கதை.

இங்கே மொழிபெயர்ப்பவர் என்ற முறையில் ஒரு குறை சொல்லிக்கொள்ள விரும்புகிறோம். தமிழ்ச் செய்தித்தாள்களில் எங்கே தீப்பிடித்தாலும் மின்கசிவு காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். ஷார்ட் சர்க்யூட் என்பதற்கு அச்சொல்லையே வழங்குகிறார்கள். கசிவு வேறு, குறுக்கே பாய்தல் வேறு. கசிவு என்பது, போன மின்சாரத்தில் ஒரு சிறு பகுதி நியூட்ரல் வழியே திரும்பாமல், ஈரச் சுவர் வழியாகவோ இரும்புக் கூடு வழியாகவோ மனித உடல் வழியாகவோ தரைக்குப் போய்விடுவது. சொல்லைக் குழப்பிக்கொண்டதால் பொருளையும் குழப்பிக்கொண்டோம். எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடிக்காது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். பெர்க்லியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், தாமே முன்வந்த மனிதர்களைக் கொண்டு ஆராய்ந்தார். பிடித்த கம்பியைக் கை விட முடியாமற் போகும் எல்லை, ஆடவர்க்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், மகளிர்க்குப் பத்தரை என்று அவர் கண்டார். ஆயிரத்தில் ஒரு பங்கு! மனிதன் மாண்டுபோகும் மின்னோட்டத்தை 16 ஆம்பியர் எம்.சி.பி. பொருட்படுத்தவே படுத்தாது.

அதனைப் பொருட்படுத்தும் கருவி மற்றொன்று. பெட்டியில் சற்று அகலமாக இருக்கும். முகத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். ஆர்.சி.சி.பி. என்பர், ஊரில் பழைய பெயரால் ஈ.எல்.சி.பி. என்பாரும் உளர். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒரு வளையத்தின் ஊடே செலுத்தி ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது அதன் வேலை. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடியின் பத்தில் மூன்று பங்குக்குள் அறுத்துவிடும். மழைக் காலங்களில் திருவனந்தபுரத்தில் இது அடிக்கடி விழும், விழவேண்டியதே. நம் வீட்டில் ஆடி மாதத்தில் விழுந்தபோது, கொல்லைக் கிணற்றடி விளக்கின் ஹோல்டருக்குள் நீரும் எறும்புப் புற்றும் இருந்தன. துடைத்து, மூடியுள்ள விளக்காக மாற்றியதும் நின்றுவிட்டது.

விழுந்ததால் அறிந்தோம். விழாத வீடு ஒன்று இருந்தது.

நம் வீட்டுக்கு மறுபக்கத்து வீட்டில் ஒரு மாமி தனியே வாழ்கிறார். வயது எழுபத்தைந்துக்கு மேல். மகன் புனேயில் வேலையில் இருக்கிறார். நம் வீட்டு அமளியைப் பார்த்த மாமி, "எங்காத்துல பத்து வருஷமா ஒருநாள்கூட விழுந்ததில்லை" என்று பெருமையோடு சொன்னார். நம் பணியாளர் அதைக் கேட்டு மகிழவில்லை. ஒருமுறை பார்க்கலாமா என்று இசைவு பெற்றுக்கொண்டு உள்ளே போனார். நாமும் உடன் சென்றோம். அவர் ஆர்.சி.சி.பி.யின் பொத்தானை அழுத்தினார். செம்மையான கருவி அக்கணமே விழுந்து வீடு முழுவதும் இருள வேண்டும். ஒன்றும் நிகழவில்லை. மறுபடியும் அழுத்தினார். கூடத்து மின்விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. உள்ளே அசைய வேண்டிய உறுப்புகள் இறுகி எத்தனை ஆண்டுகள் ஆயினவோ, யாருக்குத் தெரியும்?

பின்பு துவைக்கும் இயந்திரத்தைக் காட்டச் சொன்னார். அதன் முன்னே ஒரு மணைப்பலகை கிடந்தது. ஏன் என்று கேட்டோம். ஈரக் கையோடு தொட்டால் லேசாகக் 'கிர்'ரென்று இருக்கும். மணைமேல் நின்றுகொண்டால் ஒன்றும் செய்யாது என்று மாமி இயல்பாகச் சொன்னார். மழையில் குடை பிடிப்பதுபோல் அவர் அதனைச் சொன்னதைக் கேட்டு நமக்கு உடல் சிலிர்த்தது. இயந்திரத்தில் நீரைச் சூடாக்கும் பகுதியின் காப்பு கெட்டிருந்தது. இரும்புக் கூட்டிலிருந்து தரைக்குப் போக வேண்டிய எர்த்துக் கம்பி பிளக்கிலேயே அறுந்திருந்தது. அறுக்க வேண்டிய கருவியும் உறைந்துபோயிருந்தது. மாமிக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இருந்த காவல் அந்த மணைப்பலகை ஒன்றே.

அன்று மாலையே புதிய ஆர்.சி.சி.பி. வந்தது. எர்த்துக் கம்பியையும் சேர்த்துவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டார்கள்; விசை உடனே விழுந்தது. தூக்கினார்கள், விழுந்தது. மாமிக்குக் கோபம். "புதுசு சரியில்லை. பழசையே மாட்டிடுங்கோ" என்றார். எத்தனையோ வீடுகளில் இந்தச் சொல் நிறைவேற்றப்படுகிறது என்று பணியாளர் பின்னர் நம்மிடம் சொன்னார். கருவியைக் கழற்றாவிட்டாலும் அதனைத் தவிர்த்துக் கம்பியைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்களாம். வேறோர் இடத்தில் முதியவர் ஒருவர் விழும் எம்.சி.பி.யை மேலே தூக்கி நூலால் கட்டிவைத்திருந்தாராம். அதனால் பயனில்லை. விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் உள்ளே அறுபடும்படியே அது அமைக்கப்பட்டிருக்கிறது.

மாமியைத் தேற்றி இயந்திரத்தைப் பழுது பார்க்க மூன்று நாள் ஆயிற்று. அதுவரை புடைவைகள் நம் வீட்டில் துவைக்கப்பட்டன. அதற்கிடையே புனேயிலிருந்து மகன் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, தாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நாம் மூன்றே செய்திகளைச் சொன்னோம். அம்மா இருள் என்று சொன்னால், எந்த விசை விழுந்தது, தூக்கியதும் விழுகிறதா, பிறகு விழுகிறதா என்று கேளுங்கள். எதையும் பெரிய அளவாக மாற்ற ஒப்பாதீர்கள். மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். கணினியும் மற்றவையும் முன்கூட்டியே அணைந்திருக்கட்டும். பொத்தானுக்கு விழாவிட்டால் மறுநாளே மாற்ற வேண்டும். பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கும், எர்த்து நன்றாக இருப்பதை அது காட்டாது என்பதால், எர்த்தைத் தனியே பார்த்துவிடச் சொல்லி அதற்கும் ஏற்பாடு செய்தார்.

பிறகு ஒன்று தோன்றிற்று. அவர் புனேயில் குடியிருக்கும் அடுக்ககத்து வீட்டில் அந்தப் பொத்தானை எப்போதாவது அழுத்தியது உண்டா என்று கேட்டோம். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. இருங்கள் என்றார். நாற்காலி நகரும் ஓசை கேட்டது, ஒரு 'டக்', அவருடைய குழந்தைகள் இருட்டில் கூவுவது கேட்டது. "விழுந்துடுத்து!" என்றார்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், பொதுச் சுவருக்கு அப்பால், மாமி தொலைபேசியில் உரக்கப் பேசுவது நம் ரேழி வரையில் கேட்கிறது. "அமுக்கினேண்டா, விழுந்தது. நீ அமுக்கினியோ?"